பழைய பந்தயக் கார்களும் புதிய சட்டங்களும்

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலச் சட்டமன்றத்தில் 2025-ஆம் ஆண்டு ஒரு மசோதா பரவலான விவாதத்தை எழுப்பியது. 35 ஆண்டுகளைக் கடந்த, சேகரிப்பாளர்களுக்கான தனிக் காப்பீடு பெற்ற கார்களுக்குப் புகைப் பரிசோதனையிலிருந்து விலக்கு அளிக்க வேண்டும் என்பதே அதன் முதல் வடிவத்தின் சாரம். பேக்கர்ஸ்ஃபீல்ட் பகுதியைச் சேர்ந்த செனட்டர் ஷானன் குரோவ் அதைக் கொண்டுவந்தார். தொலைக்காட்சி நகைச்சுவைக் கலைஞரும் பழைய கார்களின் சேகரிப்பாளருமான ஜே லேனோ நேரில் வந்து ஆதரித்துப் பேசினார். அவர் பெயராலேயே 'லேனோ சட்டம்' என்று அழைக்கப்பட்ட அந்த மசோதா, ஆகஸ்ட் மாதத்தில் கீழவையின் நிதி ஒதுக்கீட்டுக் குழுவைத் தாண்ட முடியாமல் நின்றுபோனது.

பழைய கார் உரிமையாளர்களுக்கு இது ஏமாற்றம். தூய காற்றுக்காகக் குரல் கொடுப்போருக்கு நிம்மதி. ஆனால், ஒரு வகைப் பழைய கார்களைப் பொருத்தவரை இந்த மசோதா வென்றிருந்தாலும் தோற்றிருந்தாலும் எந்த மாற்றமும் இல்லை. 1960-களில் உருவான 'டிராக் ரேஸ்' கார்கள்தாம் அவை. 1975-க்கும் அதற்கு முன்பும் தயாரான கார்களுக்குக் கலிஃபோர்னியாவில் ஏற்கெனவே விலக்கு உண்டு. அமெரிக்க மத்திய அரசின் புகை வரம்புகளும் 1968-ஆம் ஆண்டு மாடல்களிலிருந்துதான் தொடங்குகின்றன. ஆகவே, சட்டத்தின் கை இவற்றில் பெரும்பாலானவற்றைத் தொடவே இல்லை. அப்படியிருந்தும், பழைய வாகனங்களிலேயே உயிரோடு வைத்துக்கொள்ள மிகக் கடினமானவை இவைதாம். காரணம் என்ன என்று ஆராய்ந்தால், இயந்திர மரபைக் காப்பது குறித்து நம் நாட்டுக்கும் சில பாடங்கள் கிடைக்கும்.

விமானத் தளத்தில் பிறந்த விளையாட்டு

டிராக் ரேஸ் என்பது நேர்கோட்டு வேகப் பந்தயம். இரண்டு கார்கள் அருகருகே நிற்கும். பச்சை விளக்கு எரிந்ததும் பாயும். கால் மைல், அதாவது ஏறத்தாழ 402 மீட்டர் தொலைவை முதலில் கடப்பது வெல்லும். வளைவும் இல்லை, சுற்றும் இல்லை. பத்துப் பன்னிரண்டு விநாடிகளில் எல்லாம் முடிந்துவிடும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கலிஃபோர்னியா இளைஞர்கள் பழைய கார்களை மாற்றியமைத்துத் தெருக்களிலும் வறண்ட ஏரிப் படுகைகளிலும் வேகம் பார்த்தனர். 1950-ஆம் ஆண்டு சான்டா ஆனா விமானத் தளத்தின் ஓடுபாதையில் கட்டணம் பெற்று முறையாகப் பந்தயம் நடத்தும் ஏற்பாடு தொடங்கியது. மறு ஆண்டே வாலி பார்க்ஸ் என்பவர் தேசிய அமைப்பு ஒன்றை நிறுவினார். 'என்.எச்.ஆர்.ஏ.' என்று இன்று அறியப்படும் அந்த அமைப்பின் முதல் நோக்கமே, தெருவில் நடக்கும் ஆபத்தான போட்டியைத் தடத்துக்குள் கொண்டுவருவதுதான்.

விளையாட்டு வளர்ந்தபோது பெரிய கார் நிறுவனங்கள் உள்ளே நுழைந்தன. தடத்தில் வென்ற காரைத் தேடி வாடிக்கையாளர் கடைக்கு வருவார் என்பது அவர்களது கணக்கு. ஃபோர்டு நிறுவனம் 1964-இல் தனது ஃபேர்லேன் காரின் உடலுக்குள் 7 லிட்டர் எஞ்சினைத் திணித்து, முன்பக்கத் தகடுகளைக் கண்ணாடியிழையால் அமைத்து, 'தண்டர்போல்ட்' என்ற பெயரில் ஏறத்தாழ நூறு கார்களை மட்டும் உருவாக்கியது. 1968-இல் கிரைஸ்லர் நிறுவனம் டார்ட், பேரகூடா ஆகிய சிறிய கார்களில் 'ஹெமி' எஞ்சினைப் பொருத்தி விற்றது. பொதுச் சாலைக்காகத் தயாரிக்கப்பட்டதல்ல என்ற அறிவிப்பு அந்தக் கார்களிலேயே ஒட்டப்பட்டிருந்தது. அமெரிக்கன் மோட்டார்ஸ் நிறுவனம் 1969-இல் தனது இரு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரான ஏ.எம்.எக்ஸ்.-இலிருந்து 52 பந்தயக் கார்களை உருவாக்கியது.

இவற்றின் இயல்பே இவற்றின் முதல் எதிரி. ஓரிரு பந்தயப் பருவங்கள் தாக்குப்பிடித்தால் போதும் என்ற எண்ணத்தில் உருவாக்கப்பட்டவை இவை. எடையைக் குறைப்பதற்காகக் கதவுத் தகடுகள் அமிலத்தில் தோய்த்து மெலிதாக்கப்பட்டன. கனமான கண்ணாடிகள் நீக்கப்பட்டன. பின்னிருக்கையும் ஹீட்டரும் ரேடியோவும் கழற்றப்பட்டன. ஐம்பது ஆண்டு கழித்து ஒருவர் இதைப் பாதுகாக்க நேரும் என்று எவரும் நினைக்கவில்லை.

நிறுத்தி வைத்தால் போதுமா?

பழைய பொருளைக் காக்க வேண்டுமென்றால் கண்ணாடிப் பேழைக்குள் வைத்தால் போதும் என்பது பொதுவான எண்ணம். ஓவியத்துக்கும் செப்பேட்டுக்கும் அது பொருந்தலாம். எஞ்சினுக்குப் பொருந்தாது. ஓடாமல் நிற்கும் எஞ்சினில் ரப்பர் சீல்கள் காய்ந்து வெடிக்கின்றன. கார்புரேட்டரில் தேங்கிய பெட்ரோல் பிசினாகிறது. சிலிண்டர் சுவரில் துரு ஏறுகிறது. வெளியே வண்ணம் மின்னிக்கொண்டிருக்க, உள்ளே வண்டி மெல்லச் செத்துக்கொண்டிருக்கும்.

அருங்காட்சியகங்களின் பணியைக் குறைத்து மதிப்பிட முடியாது. டிராக் ரேஸ் உலகின் மிகப் பெரிய பெயரான டான் கார்லிட்ஸ் ஃபுளோரிடா மாநிலத்தின் ஒகாலாவில் தனி அருங்காட்சியகமே அமைத்தார்; தமது 'ஸ்வாம்ப் ராட்' கார்களில் ஒன்றை 1987-இல் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கு அளித்தார். அங்கே வடிவம் காக்கப்படுகிறது. ஆனால், வண்டியை இயக்கும் அறிவு காக்கப்படுகிறதா? குளிர்ந்த காலையில் அந்த எஞ்சினை எப்படி உயிர்ப்பிப்பது, எந்த ஒலி கேட்டால் உடனே நிறுத்த வேண்டும், கிளட்சை எந்தக் கணத்தில் விட வேண்டும் என்பவை ஏட்டில் எழுதி வைத்துக் காக்கக்கூடியவை அல்ல. செய்துகாட்டும் கைகள் ஓய்ந்தால் அவையும் ஓயும்.

இதற்கு உரிமையாளர்களே கண்ட ஓர் இடைவழி குறிப்பிடத்தக்கது. பேக்கர்ஸ்ஃபீல்ட் அருகே உள்ள ஃபமோசோ தடத்தில் 1959 முதல் வசந்த காலப் பந்தயம் நடந்துவருகிறது. அதே தடத்தில் பின்னாளில் தொடங்கிய பழைய பந்தய வீரர்களின் ஒன்றுகூடலில், முன்பக்க எஞ்சின் கொண்ட 1960-களின் கார்களை மற்றொரு வண்டியால் தள்ளி உயிர்ப்பித்து, வரிசையாக நிறுத்தி, நைட்ரோமீத்தேன் எரிபொருளில் சில நிமிடங்கள் உறும விடுகிறார்கள். பந்தயம் இல்லை, வெற்றி தோல்வி இல்லை. ஓட்டிய முதியவரும் பார்க்க வந்த பேரனும் ஒரே ஒலியைக் கேட்கிறார்கள். இனி முழு வேகத்தில் ஓடத் தகுதியற்றுப்போன வண்டிக்கும் இப்படி ஒரு வாழ்வு கிடைக்கிறது.

மறைந்துவரும் நிலம்

ஆனால், ஓட வைப்பதற்கு முதலில் இடம் வேண்டும். இங்கேதான் உண்மையான நெருக்கடி தொடங்குகிறது. லாங் பீச் அருகே புகழ்பெற்றிருந்த லயன்ஸ் தடம் இரைச்சல் புகார்களுக்கிடையே 1972 டிசம்பரில் மூடப்பட்டது. ஆரஞ்சு கவுன்டி தடம் 1983-இல் மறைந்தது. நியூ ஜெர்சியின் இங்கிலிஷ்டவுன் தடத்தில் 2018-இல் டிராக் பந்தயம் நிறுத்தப்பட்டது. அட்லான்டா தடம் 2021-இல் மூடப்பட்டது. ஹூஸ்டன் அருகேயுள்ள தடமும், டென்வர் அருகே 1958 முதல் இயங்கிய பேண்டிமியர் தடமும் 2023-இல் விடைபெற்றன. லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியின் இர்விண்டேல் தடம் 2024 டிசம்பரில் கதவடைத்தது.

காரணங்கள் ஊருக்கு ஊர் வேறுபடலாம். ஆனால், பொதுவான போக்கு ஒன்றுதான். ஊருக்கு வெளியே வெற்றுநிலத்தில் தடம் அமைகிறது. ஊர் வளர்ந்து அதன் வாசலுக்கு வருகிறது. நிலத்தின் விலை ஏறுகிறது. இரைச்சல் குறித்த புகார்களும் வருகின்றன. கிடங்கும் குடியிருப்பும் தரும் வருவாயோடு வார இறுதிப் பந்தயத்தின் வருவாய் போட்டியிட முடிவதில்லை.

புகைச் சோதனையிலிருந்து விலக்கு கேட்டு உரிமையாளர்கள் சட்டமன்றப் படியேறிய காலத்திலேயே, கால் மைல் நீளமுள்ள நிலம் ஒவ்வொன்றாக விற்கப்பட்டுக்கொண்டிருந்தது. சட்ட விலக்கு ஒரு கையெழுத்தில் கிடைக்கலாம். ஒரு முறை கட்டடமாகிவிட்ட தடம் திரும்பக் கிடைக்காது. பழைய பந்தயக் கார்களின் எதிர்காலத்தை முடிவுசெய்யும் இடம் போக்குவரத்துத் துறை அலுவலகத்தைவிட நகரமைப்புத் துறை அலுவலகமே என்பதை அவர்கள் தாமதமாகவே உணர்ந்துவருகிறார்கள்.

ஈயம் என்னும் பழைய கடன்

உரிமையாளர்கள் மீதும் நியாயமான கேள்வி ஒன்று உண்டு. அது எரிபொருள் பற்றியது. 1960-களின் பந்தய எஞ்சின்களில் அமுக்க விகிதம் மிக அதிகம். பல எஞ்சின்களில் 12-க்கு 1 என்ற அளவைத் தாண்டும். சாதாரண பெட்ரோலை ஊற்றினால், அது உரிய நேரத்துக்கு முன்பே வெடித்து பிஸ்டனைத் துளைத்துவிடும். அதைத் தடுக்கத்தான் அந்தக் காலத்தில் பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்தார்கள். வால்வும் அதன் சீட்டும் ஒன்றையொன்று தேய்க்காமல் காக்கும் மெல்லிய படலமாகவும் ஈயம் பயன்பட்டது.

அந்த ஈயம் மனித உடலுக்கு நஞ்சு. குறிப்பாகக் குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்குப் பகை. இந்தியா 2000-ஆம் ஆண்டிலேயே ஈயம் கலந்த பெட்ரோலைக் கைவிட்டது. சாலை வாகனங்களுக்கு அதை விற்ற கடைசி நாடான அல்ஜீரியாவும் 2021-இல் நிறுத்திக்கொண்டது. அமெரிக்காவில் 1996 முதல் சாலை வாகனங்களுக்குத் தடை நடப்பில் உள்ளது. ஆனால், பந்தய வாகனங்களுக்கு விலக்கு தொடர்கிறது.

நாஸ்கார் என்னும் பெரும் பந்தய அமைப்பு 2007-இல் ஈயமற்ற பெட்ரோலுக்கு மாறியது. அந்த மாற்றத்தை அடிப்படையாகக் கொண்டு பொருளாதார அறிஞர்கள் இருவர் ஆராய்ந்தனர். ஈயம் கலந்த எரிபொருளில் பந்தயம் நடந்த பகுதிகளில் குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் கூடியதையும், முதியோர் இறப்பு உயர்ந்ததையும் அவர்களது ஆய்வு சுட்டிக்காட்டியது. அந்தப் பந்தயங்களோடு ஒப்பிட்டால் பழைய டிராக் கார்கள் எரிக்கும் அளவு சொற்பமே. ஆனாலும், தடத்தின் வேலியோரம் தந்தையின் தோளில் அமர்ந்து வேடிக்கை பார்க்கும் குழந்தைக்கு அந்த ஒப்பீடு ஆறுதல் தராது.

இங்கே இரு வேறு கேள்விகளைப் பிரித்துப் பார்ப்பது அவசியம். ஆண்டுக்குச் சில வார இறுதிகளில், ஒவ்வொரு முறையும் சில விநாடிகள் ஓடும் காரின் கரியமில வாயுவை எண்ணிக் கவலைப்படுவதில் பொருள் இல்லை. ஈயத்தின் கதை வேறு. சிறிய அளவும் தீங்கானது. மாற்று வழியும் கைவசம் இருக்கிறது. வால்வு சீட்டுகளைக் கடினப்படுத்திய எஃகில் அமைத்துக்கொள்ளலாம். ஈயமில்லாத உயர் ஆக்டேன் பந்தய பெட்ரோல் விற்பனையில் உள்ளது. எத்தனால் மிகுந்த எரிபொருளுக்கும் மாறலாம். ஆனால் ஜெட், குழாய், சீல் ஆகியவற்றை அதற்கேற்ப மாற்ற வேண்டும். செலவு உண்டு, முடியாத செலவு அல்ல. விலக்கைச் சட்டம் பறிக்கும்வரை காத்திராமல் உரிமையாளர்கள் தாமே முன்வந்து ஈயத்தைக் கைவிட்டால், தடத்துக்கு அருகே குடியிருப்பவர்களின் நல்லெண்ணத்தைப் பெறலாம். நிலத்தைக் காக்கவும் அதுவே துணைநிற்கும்.

அசல் எது?

அடுத்த சிக்கல் பாதுகாப்பு. கால் மைலை 9.99 விநாடி அல்லது அதற்கும் குறைவான நேரத்தில் கடக்கும் காருக்கு முழுமையான பாதுகாப்புக் கூண்டும் சட்டகச் சான்றும் வேண்டும் என்பது என்.எச்.ஆர்.ஏ. விதி. இருக்கைப் பட்டைகளையும் குறித்த காலத்தில் மாற்ற வேண்டும். 1970-இல் லயன்ஸ் தடத்தில் டிரான்ஸ்மிஷன் வெடித்து டான் கார்லிட்ஸ் தமது வலது பாதத்தின் ஒரு பகுதியை இழந்தார். ஓட்டுநருக்குப் பின்னால் எஞ்சினை வைக்கும் வடிவமைப்பு அதன் பிறகே வெற்றிபெற்று நிலைத்தது. இத்தகைய விலை கொடுத்துப் பிறந்த விதிகளைப் புறக்கணிக்க முடியாது.

ஆனால், கூண்டைப் பொருத்த வேண்டுமென்றால் அசல் சட்டகத்தில் வெல்டிங் செய்தாக வேண்டும். செய்தால் அசல் தன்மை குறைகிறது. செய்யாவிட்டால் ஓட்ட முடியாது. எஞ்சினும் அப்படித்தான். பலர் அசல் எஞ்சின் பிளாக்கைப் பத்திரமாகக் கழற்றி வைத்துவிட்டு, புதிதாக வார்த்த பிளாக்கைப் பொருத்தி ஓடுகிறார்கள். இது ஏமாற்று வேலையா?

தமிழர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. திருவாரூர் ஆழித் தேருக்கு இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் வந்த பிறகும் அது ஆழித் தேராகவே இருக்கிறது. உளுத்த மரத்தை மாற்றுவதால் தேர் புதியதாகிவிடுவதில்லை. வடம் பிடிக்கும் வழக்கம் அறுபடாமல் இருக்க, பாதுகாப்புக்கான மாற்றத்தை ஊர் ஏற்றுக்கொள்கிறது. நிலையிலேயே நின்றுபோன தேரைத்தான் கறையான் அரிக்கிறது. பந்தயக் காருக்கும் அதே அளவுகோலை வைக்கலாம். எதை மாற்றினோம், ஏன் மாற்றினோம், கழற்றிய பாகம் எங்கே இருக்கிறது என்ற மூன்றையும் எழுதி வைத்தால் போதும். மறைத்துச் செய்த மாற்றமே போலி.

இதற்கெல்லாம் கைகள் வேண்டும். கான்சாஸ் மாநிலத்தின் மெக்பெர்சன் கல்லூரி வாகனப் புத்துயிர்ப்பை நான்காண்டுப் பட்டப் படிப்பாகவே கற்பிக்கிறது. உதிரிபாகம் அட்டவணையில் இல்லாதபோது லேத்தில் கடைந்து எடுக்கவும், மெல்லிய தகட்டைக் கையால் தட்டி வளைக்கவும், கார்புரேட்டரைக் காதால் கேட்டுச் சரிசெய்யவும் தெரிந்த தலைமுறை அங்கும் மூப்படைந்துவருகிறது. பந்தயக் கார்களுக்குச் செலவிடும் பணம் வீண் ஆடம்பரம் என்போர், அந்தப் பணம் இத்தகைய கைத்தொழில்களுக்குச் சோறு போடுவதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

சோழவரம் தரும் பாடம்

அமெரிக்கக் கதை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். சான்டா ஆனாவைப் போலவே சென்னைக்கும் ஒரு விமானத் தளம் இருந்தது. இரண்டாம் உலகப் போர்க்கால ஓடுதளமான சோழவரத்தில் மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல பத்தாண்டுகள் பந்தயம் நடத்தியது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் வரும்வரை இந்தியாவின் கார் பந்தயத்துக்குத் தாய்வீடு அதுவே. ஃபியட், ஹெரால்ட் போன்ற சாதாரணக் கார்களைச் சென்னை, கோவைப் பட்டறைகளில் மாற்றியமைத்து அங்கே ஓட்டினார்கள். வெளிநாட்டு உதிரிபாகங்கள் எளிதில் கிடைக்காத காலத்தில், உள்ளூர்க் கைத்திறனே அந்த வண்டிகளை ஓட வைத்தது.

அப்படிப்பட்ட ஒரு கார் இன்று எங்கேனும் கொட்டகையில் தப்பியிருந்தால் அதன் நிலை என்ன? 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வாகனங்களுக்கான தனி விதிகளை அறிவித்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த வாகனங்களுக்கு 'வி.ஏ.' என்ற தனி எழுத்துக் குறியீடு, 20,000 ரூபாய் கட்டணம், 10 ஆண்டு காலப் பதிவு ஆகியவை அதில் உண்டு. வரவேற்கத்தக்க முயற்சி. ஆனால், வாகனம் அசல் வடிவில் இருக்க வேண்டும். சட்டகம், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்கிறது வரையறை. சோழவரத்தில் ஓடிய காரின் வரலாறே அந்த மாற்றத்தில்தான் இருக்கிறது. மாற்றாத ஃபியட் விண்டேஜ். சோழவரத்தில் வென்ற ஃபியட் விண்டேஜ் அல்ல என்ற விசித்திர நிலைக்கு இந்த வரையறை இட்டுச்செல்கிறது.

எரிபொருள் விஷயத்திலும் நாம் தப்பவில்லை. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2025-இல் நாடெங்கும் பரவலானபோது, பழைய வாகனங்களின் ரப்பர் பாகங்களும் உலோகக் குழாய்களும் என்ன ஆகும் என்ற கேள்வி எழுந்தது. அண்மைக்கால வாகனங்களின் உரிமையாளர்களே கவலைப்பட்டபோது, ஐம்பது ஆண்டு பழைய கார்புரேட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்கர்கள் கற்ற சீல், குழாய், ஜெட் மாற்றும் தொழில்நுட்பம் இங்குள்ள பட்டறைகளுக்கும் தேவைப்படும்.

செய்ய வேண்டியவை பெரும் செலவு பிடிப்பவை அல்ல. பந்தயத்தில் பங்கேற்றதற்கான புகைப்படமோ கிளப் ஆவணமோ உள்ள பழைய வாகனங்களுக்கு, அந்தக் காலத்தில் செய்த மாற்றங்களை அசலின் பகுதியாகவே ஏற்கும் தனிப் பிரிவை விதிகளில் சேர்க்கலாம். அதற்குப் பதிலாக, சாலையில் ஓட்டக் கடுமையான வரம்பும், எரிபொருளில் ஈயம் கலக்கக் கூடாது என்ற நிபந்தனையும் விதிக்கலாம். சோழவரத்தில் ஓட்டியவர்களும், வண்டிகளைத் தயார்செய்த மெக்கானிக்குகளும் நினைவோடு இருக்கும்போதே அவர்களது அனுபவங்களைப் பதிவுசெய்வது அவசரப் பணி. தொழிற்பயிற்சி நிலையங்களில் பழைய எஞ்சின் பராமரிப்பை ஒரு குறுகிய காலப் படிப்பாகச் சேர்த்தால் வேலைவாய்ப்பும் பெருகும்.

2024-இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றிய சாலைகளில் இரவுநேர ஃபார்முலா 4 பந்தயம் தமிழக அரசின் ஆதரவோடு நடந்தது. புதிய வேகத்துக்குச் செலவிட மனம் உள்ள அரசு, அந்த வேகம் இந்த மண்ணில் தொடங்கிய இடத்தையும் நினைவில் கொள்ளலாம். சட்ட விலக்கில் கவனம் செலுத்திய அமெரிக்க உரிமையாளர்கள் நிலத்தை இழந்து நிற்கிறார்கள். நமக்கு நிலமும் பறிபோய் 35 ஆண்டுகள் கடந்துவிட்டன. எஞ்சியிருக்கும் சில வண்டிகளையும் சில கைகளையுமாவது காப்பாற்ற இன்னும் காலம் இருக்கிறது.